பெட்டி எந்தப் படியில் நின்றது?

வில்லியனூரில் ஒரு கணினி. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, வீராம்பட்டினம் கடற்கரையில் ஓர் ஒலிபெருக்கி. 1998-இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. அந்தத் திட்டம் இந்த இரண்டையும் இணைத்தது. அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலை உயர முன்கணிப்பை அப்போது வில்லியனூரில் எடுப்பார்கள், வீராம்பட்டினத்துக்கு அனுப்புவார்கள், அங்கே ஒலிபெருக்கியில் தமிழில் அறிவிப்பார்கள். கட்டுமரம் இறக்குவதற்கு முன்பே கடல் எப்படி இருக்கும் என்று மீனவர்களுக்குத் தெரிந்துவிடும்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்ததே, அன்று நல்லவாடு என்ற மீனவர் ஊரில் நடந்ததையும் கேளுங்கள். சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். தகவல் மையத்துக்காக வைத்திருந்த ஒலிபெருக்கியில் ஊர்க்காரர்கள் உடனே எச்சரித்தார்கள். 3,000-க்கும் மேற்பட்டோர் கரையைவிட்டு ஓடித் தப்பித்தார்கள். வீடுகள் போயின, படகுகள் போயின, ஆட்கள் பிழைத்தார்கள்.

கடற்கரையில் கணினியும் ஒலிபெருக்கியும் எவ்வளவு முக்கியம் என்று இதிலிருந்தே தெரியும். ஆனால் அவை சீக்கிரம் கெட்டுப்போவதும் அதே கடற்கரையில்தான். பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும், விசிறி சுற்றும், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. ‘பூட் ஆகலை’ என்பார்கள். இப்படி நின்றுபோன ஒரு பழைய ஒலிப் பெட்டியைப் பற்றித்தான் இப்போது பேசப்போகிறோம்.

பெட்டி இருந்த ஊர் பெரிய முதலியார்சாவடி. புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டக்குப்பம் தாண்டி வடக்கே வந்தால் வரும். அதே சாலையில் இன்னும் வடக்கே போய்க்கொண்டிருந்தால் மரக்காணத்தின் உப்பளங்கள் வரும். வெள்ளைக் குவியல்களைப் பேருந்து ஜன்னலிலேயே பார்க்கலாம். ஊரில் மைக் செட் வாடகைக்கு விடும் ஒருவர் இருக்கிறார். அவர் சென்னை ஸ்டுடியோ ஒன்று வேண்டாமென்று விற்ற 24 தட ஒலிப்பதிவுப் பெட்டியை வாங்கி வைத்திருந்தார். 24 தடம் என்றால் ஒரே நேரத்தில் 24 மைக்குகளின் ஒலியைத் தனித்தனியாகப் பதியலாம். வெளியே பார்த்தால் இரும்புப் பெட்டி, வரிசையாகப் பொத்தான்கள். திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. உள்ளே இருப்பதோ அச்சு அசலாக ஒரு பழைய கணினி: மதர்போர்டு, ராம், ஹார்டு டிஸ்க், எல்லாம்.

அதில் அவர் பதிந்து வைத்திருந்தது தெருக்கூத்து. விழுப்புரம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்குக் கூத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் ‘கர்ண மோட்சம்’. வாத்தியார் குரல் ஒரு தடத்தில், முகவீணை ஒரு தடத்தில், ஆர்மோனியம், மிருதங்கம், கைத்தாளம் ஒவ்வொன்றும் தனித்தனித் தடத்தில். அந்த வாத்தியார் இப்போது இல்லை. அவர் குரல் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. பெட்டி எழுந்திருக்கவில்லை.

என்னோடு பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள்.

“மாமா, பொட்டி செத்துப் போச்சா?” என்று கேட்டாள் ஒருத்தி.

“அப்படித்தாம்மா சொல்றாங்க. எடைக்குப் போட்டுடுன்றாங்க” என்றார் அவர்.

எந்த இயந்திரத்தைப் பற்றியும் முதலில் கேட்கக் கூடாத கேள்வி அது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ‘செத்துவிட்டதா?’ என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று இரண்டே பதில்கள்தான். அவற்றை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ‘எந்தப் படியில் நின்றது?’ என்று கேட்டுப் பாருங்கள். உடனே தேட வேண்டிய இடம் தெரிய ஆரம்பிக்கும்.

ஏனென்றால் கணினி ஒரேயடியாக விழித்துக்கொள்வதில்லை. கூத்தில் ராஜா எடுத்தவுடன் வந்து நிற்கிறாரா? முதலில் மேளக்காரர்கள் களரி கட்டுவார்கள். பிறகு கட்டியக்காரன் வருவான். அவன் வந்து வேடிக்கை பேசி, சபையைப் பார்த்து, யார் வரப்போகிறார் என்று சொன்ன பிறகுதான் திரை பிடித்து ராஜா வருவார். கணினியிலும் அப்படி ஒரு வரிசை உண்டு.

முதலில் எஸ்எம்பிஎஸ் என்ற மின்பெட்டி வேலையைத் தொடங்கும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றும். அவை ஆடாமல் நிலைத்ததும் ‘மின்சாரம் சரி’ என்று ஒரு தனிக் கம்பி வழியாக மதர்போர்டுக்குச் சொல்லும். இதற்கு அரை நொடிக்குள்தான் ஆகும். அந்தச் செய்தி வரும்வரை செயலி அசையாது.

செய்தி வந்ததும் செயலி கண்ணை மூடிக்கொண்டு ஒரு குறிப்பிட்ட முகவரிக்குப் போகும். அங்கே பயாஸ் என்ற சிறு நிரல் ஒரு சில்லுக்குள் நிரந்தரமாக எழுதப்பட்டிருக்கும். நம் கட்டியக்காரன் அதுதான். ராம் இருக்கிறதா, திரை அட்டை இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கும். எல்லாம் சரி என்றால் பெரும்பாலான பழைய கணினிகள் ‘பீப்’ என்று ஒரு சின்னச் சத்தம் போடும். சரியில்லை என்றாலும் சத்தம்தான், ஆனால் வேறு மாதிரி. பல கணினிகளில் ஒரு நீண்ட பீப், அடுத்து இரண்டு குட்டி பீப் வந்தால் திரை அட்டையில் கோளாறு. திரையே வராத நேரத்தில் வேறு எப்படித்தான் அது சொல்லும்?

அடுத்து ஹார்டு டிஸ்க். அதன் முதல் பகுதியை மட்டும் பயாஸ் படிக்கும். 512 பைட், அவ்வளவுதான். கணினியில் தமிழ் எழுதும்போது ‘ய’ போன்ற எழுத்துக்கு 3 பைட், ‘மு’ போல உயிர்க்குறி சேர்ந்தால் 6 பைட் ஆகும். அந்தக் கணக்கில் ‘பெரிய முதலியார்சாவடி’ என்ற பெயருக்கு 58 பைட் வேண்டும். 512 பைட்டுக்குள் ஊர்ப்பெயரை 8 முறை எழுதலாம், 9-ஆவது முறைக்கு இடம் போதாது. இவ்வளவு சின்ன இடத்தில் இருக்கும் நிரல், டிஸ்க்கில் அடுத்த நிரல் எங்கே இருக்கிறது என்று காட்டும். அது அடுத்ததைக் காட்டும். அப்படிப் போய்ப் போய்க் கடைசியில் ஒலிப்பதிவு மென்பொருள் வரும். அப்போதுதான் பொத்தான்களில் விளக்கு எரியும்.

இப்போது மைக் செட் கடைக்குத் திரும்புவோம். சுவிட்சைப் போட்டோம். விசிறி சுற்றியது, மின்சாரம் வருகிறது. பிறகு எல்லோரும் பேசாமல் காதைக் கொடுத்தோம்.

“ஒரு தடவை பீப்னு கேட்டுச்சு சார்” என்றான் பையன்.

அந்த ஒரு சத்தம் எவ்வளவு பெரிய செய்தி என்று பாருங்கள். எஸ்எம்பிஎஸ் சரி, செயலி சரி, ராம் சரி என்று கட்டியக்காரனே சொல்லிவிட்டான். பாதி வழி தாண்டியாயிற்று. ஆனால் ஹார்டு டிஸ்க்கின் சிவப்பு விளக்கு ஒரு முறைகூடச் சிமிட்டவில்லை. ஆக, சோதனை முடிந்ததற்கும் டிஸ்க்கைப் படிப்பதற்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது.

பெட்டியின் பின்புறம் தூசி படிந்த ஒரு நீல நிறத் துளை இருந்தது. திரையை மாட்டுவதற்கானது. ஸ்டுடியோவில் யாரும் அதைப் பயன்படுத்தியிருக்க மாட்டார்கள். பள்ளியில் ஒதுக்கி வைத்திருந்த ஒரு பழைய திரையைக் கேட்டு வாங்கி வந்து மாட்டினோம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வரிகள். பேட்டரி தீர்ந்துவிட்டது, அமைப்புகள் அழிந்துவிட்டன, தொடர வேண்டுமானால் எஃப்1 விசையை அழுத்தவும்.

எஃப்1 விசையை எங்கே போய் அழுத்துவது? அந்தப் பெட்டிக்கு விசைப்பலகையே கிடையாதே!

அதாவது பெட்டி சாகவில்லை. திரை இல்லாத இடத்தில் ஒரு கேள்வியை எழுதிவிட்டு, விசைப்பலகை இல்லாத இடத்தில் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றது. மாதக்கணக்காக, சுவிட்ச் போட்ட ஒவ்வொரு முறையும் அதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறது. கணினியை உள்ளே வைத்துச் செய்த பழைய ஒலிக் கருவிகளில் அடிக்கடி வரும் கோளாறு இது. இதற்காகவே எத்தனையோ நல்ல கருவிகள் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

சரி, அந்த பேட்டரி என்ன வேலை செய்கிறது? மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல வட்டமாக ஒன்று செருகியிருக்கும். மேலே சிஆர்2032 என்று பொறித்திருக்கும். அந்த எண்ணிலேயே அதன் அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம். 3 வோல்ட் தரும் லித்தியம் பேட்டரி. கணினியை அணைத்த பிறகும் இது இரண்டு வேலைகளைப் பார்க்கும்.

ஒன்று, கடிகாரம். அதற்காக ஒரு குட்டி குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்ந்துகொண்டே இருக்கும். ஏன் இந்த விசித்திரமான எண்? 32,768-ஐப் பாதியாக்குங்கள், 16,384. மறுபடி பாதி, 8,192. இப்படி 15 முறை பாதியாக்கினால் சரியாக 1 வரும். பாதியாக்கும் சுற்றுகளை வரிசையாக வைத்தால் போதும், நொடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடும். உங்கள் கைக்கடிகாரத்திலும் இதே எண்தான்.

இன்னொன்று, ஞாபகம். எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்க வேண்டும், அதன் அளவு என்ன, என்ன குறை இருந்தால் நிற்க வேண்டும், எதைப் பொருட்படுத்தாமல் போக வேண்டும் என்ற அமைப்புகளை ஒரு சிறு நினைவகம் பிடித்து வைத்திருக்கும். பேட்டரி இருக்கும்வரைதான் அதற்கு ஞாபகம். பெட்டியைச் செய்தவர்கள் ‘விசைப்பலகை இல்லாவிட்டாலும் நிற்காதே’ என்று அதில் எழுதி வைத்திருந்தார்கள். பேட்டரி தீர்ந்ததும் அந்த வரியும் அழிந்துவிட்டது. ‘எந்தக் குறை இருந்தாலும் நில்’ என்ற பழைய ஏற்பாட்டுக்கு மதர்போர்டு திரும்பிவிட்டது. நிற்காதே என்று சொல்லி வைத்த இடமே அழிந்துவிட்டதால் அது நின்றது.

மல்டிமீட்டரில் அந்த பேட்டரி 2 வோல்ட்கூடக் காட்டவில்லை. புதிது போட்டோம். ஒரு விசைப்பலகையைத் தற்காலிகமாக மாட்டி, அமைப்புப் பக்கத்துக்குள் போய்த் தேதியைச் சரிசெய்து, டிஸ்க்கைத் தானாகக் கண்டுபிடிக்கச் சொல்லி, விசைப்பலகை இல்லாவிட்டாலும் போகச் சொல்லிச் சேமித்தோம். சிவப்பு விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. சிறிது நேரத்தில் 24 தடங்களின் விளக்குகளும் எரிந்தன. வாத்தியாரின் குரல் வந்தபோது கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெட்டி விழித்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை நகல் எடுப்பது. துடைப்பது, பழுது பார்ப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான். இன்று விழித்த பழைய டிஸ்க் நாளை விழிக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. எவ்வளவு இடம் வேண்டும் என்று பிள்ளைகளே கணக்குப் போட்டார்கள். நொடிக்கு 48,000 முறை ஒலியை அளக்கிறது அந்தப் பெட்டி. ஒவ்வொரு அளவுக்கும் 3 பைட். அப்படியானால் ஒரு தடத்துக்கு நொடிக்கு 1,44,000 பைட், மணிக்கு ஏறத்தாழ 518 மெகாபைட். 8 தடம், 8 மணி நேரக் கூத்து என்றால் 33 ஜிகாபைட்டுக்குச் சற்று மேல். இன்று சட்டைப்பையில் வைக்கும் பென் டிரைவிலேயே இது அடங்கிவிடும். இரண்டு இடங்களில் நகல் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வைத்தோம்.

பிறகுதான் உள்ளே என்ன நிலைமை என்று பார்த்தோம். இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கணினியின் மூடியைப் பெரியவர்கள் இல்லாமல் திறக்காதீர்கள். எஸ்எம்பிஎஸ் என்ற அந்த உள்பெட்டியைப் பெரியவர்கள் இருந்தாலும் திறக்காதீர்கள். அதற்குள் இருக்கும் பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கும் மேல் மின்னூட்டம் தங்கியிருக்கும். ஒயரைப் பிடுங்கிய பிறகும் அது உடனே போய்விடாது. அந்த வேலை பயிற்சி பெற்ற மெக்கானிக்குக்கு உரியது.

மூடியைத் திறந்ததும், காற்று உள்ளே நுழையும் துளைகளுக்குப் பக்கத்தில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. வெள்ளை, உப்பு. பச்சை, செம்பு அரித்ததால் வந்தது. கடற்கரை ஊரின் பெரிய பாடமே இந்தப் பூப்பில்தான் இருக்கிறது.

அலை உடையும்போது நுண்ணிய நீர்த்துளிகள் காற்றில் ஏறும். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்புத் துகள் மட்டும் காற்றோடு வரும். கணினியின் விசிறி அதை உள்ளே இழுக்கும். உலர்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. அது வெறுமனே கிடந்தால் தொல்லை இல்லை. ஆனால் சாப்பாட்டு உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். கடற்கரை ஊரில் இரவு நேரங்களில் ஈரப்பதம் அதைத் தாண்டுவது சர்வசாதாரணம்.

கடல் உப்பில் சோடியம் குளோரைடு மட்டுமா இருக்கிறது? உப்பளத்தில் வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்கும். பாத்தியில் கடல்நீர் காய்ந்து காய்ந்து அடர்ந்ததும் நல்ல உப்பு விளையும். உப்பை வாரிய பிறகு மிஞ்சும் கசப்புத் தண்ணீரை வெளியே வடித்துவிடுவார்கள். அந்தக் கசப்புக்கு முக்கியக் காரணம் மெக்னீசிய உப்புகள். மெக்னீசியம் குளோரைடு எவ்வளவு தாகம் கொண்டது தெரியுமா? ஈரப்பதம் 33 விழுக்காடு இருந்தாலே போதும், தண்ணீரை இழுக்க ஆரம்பித்துவிடும். பாத்தியில் அதை வடித்துத் தள்ளலாம். காற்றில் வரும் கடல் துகளில் இருந்து யார் வடிப்பார்கள்? அது முழுசாக உள்ளே வருகிறது. அதனால்தான் கடற்கரை வீட்டுக் கணினிக்குள் விழும் உப்புப் படலம் பகலில்கூட முழுதாகக் காய்வதில்லை.

ஈர உப்பு மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மதர்போர்டில் செம்புக் கோடுகள் ஒன்றுக்கொன்று ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் ஓடுகின்றன. ஒன்றில் 5 வோல்ட், பக்கத்தில் சுழியம். நடுவில் உப்புத் தண்ணீர் படிந்தால் அங்கே ஒரு குட்டி மின்பகுப்பு நடக்கும். ஆம், பத்தாம் வகுப்பை நெருங்கும்போது ஆய்வகத்தில் செய்வீர்களே, அதேதான். நேர்முனையில் இருக்கும் உலோகம் கரையும். எதிர்முனையில் போய்க் கிளை கிளையாகப் படியும். கிளை நீண்டு மறுபக்கத்தைத் தொட்டால் குறுக்கு இணைப்பு. அல்லது கரைந்த பக்கத்தில் கோடு அறுந்துபோகும். இரண்டில் எது நடந்தாலும் பெட்டி எழாது.

புயல் நாட்களை நினைத்துப் பாருங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கடந்தது. அப்படிப்பட்ட நாட்களில் கடலே காற்றில் வருகிறது. புயல் எச்சரிக்கை வந்தால் ஒலிக் கருவிகளை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, பிளாஸ்டிக் உறையில் சுற்றி உயரத்தில் வைப்பது நல்லது. ஆனால் உறையிலேயே விட்டுவிடக் கூடாது. உள்ளே மாட்டிய ஈரம் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

நம் பெட்டியில் உப்பை எப்படி எடுத்தோம்? மென்மையான பிரஷ்ஷும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும். குழாய்த் தண்ணீரில் வேறு உப்புகள் இருக்கும், அதனால் அது உதவாது. கடைக்காரரே மெதுவாகத் துடைத்தார். ராம் பட்டையைக் கழற்றி அதன் தங்க விளிம்புகளையும் துடைத்து மறுபடி செருகினார். தங்கம் துருப்பிடிக்காது, ஆனால் அது செருகும் இடத்தின் உலோகத்தில் மெல்லிய அரிப்புப் படலம் பிடிக்கலாம். கழற்றி மாட்டும்போதே அந்தப் படலம் உரசிப் போய்விடும். ‘ராமைக் கழற்றி மாட்டினேன், சரியாயிடுச்சு’ என்று மெக்கானிக்குகள் அடிக்கடி சொல்வதில் மந்திரம் எதுவும் இல்லை.

செயலிக்குப் பக்கத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. மேல்பக்கம் தட்டையாக இருக்க வேண்டிய மின்தேக்கிகளில் இரண்டு உப்பியிருந்தன. மின்தேக்கி, அதாவது கெப்பாசிட்டர், மின்னூட்டத்தைச் சேர்த்து வைத்து வோல்ட் ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்ளும் உருளை. உள்ளே ஈரமான வேதிக் கரைசல் இருக்கும். வருடங்கள் ஆக ஆக அது காயும், அல்லது வாயு உண்டாகி மேலே உப்பும். வெப்பம்தான் இதற்கு முதல் எதிரி. 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். 10 டிகிரி குறைந்தால் இரட்டிப்பாகும். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்கும் என்று எழுதியிருக்கும் மின்தேக்கி, 65 டிகிரியில் ஓடினால் நான்கு முறை இரட்டிப்பாகி 32,000 மணி நேரம் வரை வரும். நாளுக்கு 8 மணி நேரம் ஓட்டினால் சுமார் 11 வருடம். தகரக் கூரைக் கடையில், தூசி அடைத்த விசிறியோடு ஓடினால் அவ்வளவு வராது.

இந்தக் கோளாறுக்குத் தனி அடையாளம் உண்டு. காலையில் முதல் முறை எழாது. நாலைந்து முறை சுவிட்சைப் போட்டு அணைத்தால், அல்லது கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவைத்தால் எழும். உள்ளே சூடேறியதும் காய்ந்த மின்தேக்கி கொஞ்சம் நன்றாக வேலை செய்வதுதான் காரணம். கடைக்காரர் தலையாட்டினார். “ஆமா, முன்னாடி அப்படித்தான் பண்ணிக்கிட்டிருந்துச்சு. கரண்டு கம்மின்னு நெனச்சேன்” என்றார். அந்த இரண்டையும் புதுச்சேரியில் ஒரு மெக்கானிக் மாற்றிக் கொடுத்தார்.

இசையும் கணினியும் சேர்ந்த கதை இன்று நேற்றையதல்ல. 1979-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பீட்டர் வோகல், கிம் ரைரி என்ற இருவர் ஃபேர்லைட் என்ற இசைக் கணினியைக் கொண்டுவந்தார்கள். எந்த ஒலியையும் பதிந்து, அதை விசைகளில் வாசிக்கலாம். அதை எழுப்ப 8 அங்குல ஃபிளாப்பி வேண்டும். 1980-களின் நடுவில் வந்த என்சோனிக் மிராஜ் கீபோர்டுக்கும் அப்படித்தான், 3.5 அங்குல ஃபிளாப்பியைப் போட்டு அதன் இயங்குமுறையை ஏற்றினால்தான் வாசிக்க வரும். ஃபிளாப்பி பூசணம் பிடித்துப் போனால் கீபோர்டு ஊமை. யமஹா 1984-இல் கொண்டுவந்த சிஎக்ஸ்5எம் என்ற இசைக் கணினியோ தன் நிரலைச் சில்லுக்குள்ளேயே வைத்திருந்தது. அதனால் ஃபிளாப்பி இல்லாமலே விழிக்கும். தமிழ்நாட்டில் 1986-இல் வந்த ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா இசையமைத்தபோது கணினி சீக்வென்சர் பயன்பட்டது. கணினி வழியே இசை கோர்த்த முதல் இந்தியப் படம் என்று அதைச் சொல்வார்கள். அதற்குப் பிறகு மெல்லிசைக் கச்சேரி மேடைகளுக்கும் இப்படிப்பட்ட கருவிகள் வந்துவிட்டன. 2011-இல் வந்த கோர்க் குரோனோஸ் கீபோர்டைத் திறந்தால் உள்ளே இன்டெல் ஆட்டம் செயலியும் லினக்ஸும் இருக்கும். அதுவும் பயாஸ், டிஸ்க், மென்பொருள் என்று வரிசையாகத்தான் விழிக்கிறது. மேடையில் பாடகர் காத்திருக்க, கீபோர்டுக்காரர் திரையையே பார்த்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

சரி, நம் பெட்டிக்கு வருவோம். அதன் பழைய ஹார்டு டிஸ்க்கை என்ன செய்வது? ‘டக், டக்’ என்று சீராகத் தட்டும் சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிட வேண்டும். படிக்கும் முனை இடம் தெரியாமல் தடுமாறுகிறது என்று பொருள். மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தால் பதிவு அழியும். நம் பெட்டியின் டிஸ்க் தட்டவில்லை. ஆனாலும் அதை ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு, அதே வகை இணைப்பில் பொருந்தும் நினைவக அட்டையைப் போட்டோம். சுற்றும் பாகம் எதுவும் அதில் கிடையாது. வாங்கும்போது பெரிதாகப் பார்த்து வாங்கக் கூடாது. அந்தக் காலத்துப் பல பெட்டிகளுக்கு 137 ஜிகாபைட்டுக்கு மேல் எண்ணவே தெரியாது. முகவரிக்கு அவை ஒதுக்கிய 28 இருமை இலக்கங்களில் அதற்கு மேல் எண் இல்லை.

நீங்களும் இரண்டு காரியம் செய்து பார்க்கலாம். உங்கள் பள்ளியில் பழைய கணினி இருந்தால், ஆசிரியர் அனுமதியோடு அதை ஓர் இரவு முழுக்க ஒயரைப் பிடுங்கி வைத்துவிட்டு, மறுநாள் இணையம் இல்லாமல் தொடங்கித் தேதியைப் பாருங்கள். இணையம் இருந்தால் அதுவே தேதியைத் திருத்திவிடும், அதனால்தான் இந்த ஏற்பாடு. வருடம் எங்கேயோ பின்னால் போயிருந்தால் அந்த வட்ட பேட்டரி தீர்ந்துவிட்டது, அல்லது தீரப்போகிறது. கணினி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆசிரியரிடம் சொல்லி மாற்றிவிடலாம்.

இன்னொன்று, ஐப்பசி மழை தொடங்கியதும் செய்ய வேண்டியது. ஒரு தட்டில் கடையில் விற்கும் பாக்கெட் தூள் உப்பு ஒரு ஸ்பூன், இன்னொரு தட்டில் உப்பளத்திலிருந்து நேரே வந்த, கழுவாத கல்லுப்பைப் பொடித்து ஒரு ஸ்பூன். இரண்டையும் மழைச்சாரல் படாத ஜன்னலோரம் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். காலை, மதியம், இரவு என்று பார்த்து, எது முதலில் ஈரமாகிறது, எது முதலில் தட்டில் தண்ணீராக ஒதுங்குகிறது என்று நோட்டில் தேதியோடு எழுதுங்கள். மரக்காணத்தில் உறவுக்காரர் இருந்தால், பாத்தியில் கடைசியாக மிஞ்சிய கசப்புத் தண்ணீரைக் காயவைத்து மூன்றாவது தட்டிலும் வைக்கலாம். அதைக் காயவைக்க உங்களுக்கு நிறையப் பொறுமை வேண்டும்.